பருவத்துக்குப் பருவம் வீட்டுக் குழாய்களைப் பராமரிப்பது எப்படி?

வீட்டில் தண்ணீரால் வரும் பெரிய சேதங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் உண்டாவதில்லை. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கித் தளர்ந்துபோன ஓர் இணைப்பு, மாதங்கள் கழித்துத்தான் சுவரில் ஓதமாகத் தெரிகிறது. வெந்நீர்க் கலனின் (கெய்சரின்) அடியில் ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்புப் படிவு, வெந்நீர் இன்றியமையாததாகும் குளிர்காலத்தில்தான் அந்தக் கலனைச் செயலிழக்கச் செய்கிறது. பழுது உருவாகும் பருவம் ஒன்று, அது கண்ணில் படும் பருவம் இன்னொன்று. அதோடு, ஒவ்வொரு பருவமும் சில பழுதுகளை மறைத்துச் சிலவற்றைக் காட்டிக்கொடுக்கும். வறண்ட காலத்தில் சுவர் நனைந்திருந்தால் அது பெரும்பாலும் குழாய்க் கசிவாகவே இருக்கும். மழைக்காலத்தில் அதே ஈரத்தை மட்டும் பார்த்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அவசரமாகப் பார்த்து முடிப்பதைவிட, எந்தப் பருவத்தில் எது தெரியுமோ அதை அப்போது பார்த்து, அடுத்த பருவம் தொடங்குமுன் சரிசெய்துவிடுவதே சிறந்த முறை. இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளது.

எல்லாப் பருவத்துக்கும் முன்னதாக: மூடு வால்வுகள்

குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் பாயும்போது சேதத்தின் அளவைத் தீர்மானிப்பது உடைப்பின் அளவன்று. தண்ணீரை நிறுத்த எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான். அதனால் வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும், விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும்கூட, முதன்மை வால்வு எங்கே இருக்கிறது, அதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி உள்ள வீடுகளில் தெருக் குழாயிலிருந்து வரும் வரத்தை நிறுத்தும் வால்வு ஒன்றும், தொட்டியிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி வால்வும் இருக்கும். எந்த வால்வு எந்தக் குளியலறைக்கு, எது சமையலறைக்கு என்று ஒருமுறை மூடிப் பார்த்துக் கண்டறிந்து, தண்ணீரில் அழியாத எழுத்தில் சிறு சீட்டு எழுதிக் கட்டிவிடுங்கள்.

வால்வுகளில் இரண்டு வகைகளை அதிகம் காணலாம். வட்டக் கைப்பிடியைப் பல சுற்றுகள் திருகி மூடுவது கேட் வால்வு. நெம்புகோல் போன்ற கைப்பிடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி மூடுவது பால் வால்வு. அதன் கைப்பிடி குழாயின் திசையிலேயே நின்றால் திறந்திருக்கிறது என்றும், குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்றும் பொருள். இரண்டுமே நெடுங்காலம் அசைக்கப்படாமல் இருந்தால் உப்பும் துருவும் ஏறி இறுகிவிடும். ஆண்டுக்கு இருமுறையேனும் ஒவ்வொரு வால்வையும் முழுவதும் மூடி, கீழே ஒரு குழாயைத் திறந்து தண்ணீர் உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்து, மீண்டும் திறக்க வேண்டும். கேட் வால்வை முழுவதும் திறந்தபின் கால் சுற்று பின்னோக்கித் திருப்பி விட்டால் அது திறந்த நிலையிலேயே இறுகிப்போகும் வாய்ப்பு குறையும். பால் வால்வை மெதுவாக மூடுங்கள். அழுத்தம் மிகுந்த குழாயில் ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் அதன் வேகம் முழுவதும் அதிர்ச்சியாக மாறி, குழாய் முழுவதும் 'டம்' என்று அடித்து, இணைப்புகளைத் தளர்த்தும்.

இறுகிப்போன கேட் வால்வைப் பெரிய ஸ்பேனர் கொண்டு பலவந்தமாகத் திருப்பக் கூடாது. உள்ளே இருக்கும் தண்டு முறிந்துவிட்டால் வால்வு பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிடும். முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். திருப்பியபின் தண்டைச் சுற்றிச் சொட்டத் தொடங்கினால், தண்டு வெளிவரும் இடத்திலுள்ள நட்டைக் கால் சுற்றுக்குள்ளாக இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். எவ்வளவு முயன்றும் முழுவதும் மூடாத முதன்மை வால்வு வீட்டில் இருந்தால், வேறு எந்தப் பழுதையும் பார்ப்பதற்கு முன் அதை மாற்றிவிடுவதே நல்லது. மற்ற வேலைகள் அனைத்தும் அந்த ஒன்றை நம்பியே நடக்கின்றன.

வறண்ட காலம்: மறைந்த கசிவைக் கண்டுபிடித்தல்

மழை இல்லாத நாட்கள் கசிவு தேடுவதற்கு ஏற்றவை. நீர்மானி உள்ள வீட்டில் இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. இரவு எல்லோரும் படுக்கப் போகும்முன் எல்லாக் குழாய்களையும் மூடி, துணி துவைக்கும் இயந்திரம் ஓடவில்லை என்பதை உறுதிசெய்து, நீர்மானியின் கடைசி இலக்கம்வரை குறித்துக்கொள்ளுங்கள். பல மானிகளின் முகப்பில் சிறிய முக்கோணமோ பற்சக்கரமோ ஒன்று இருக்கும். மிகக் குறைந்த ஓட்டத்துக்கும் அது சுழலும். வீட்டில் யாரும் தண்ணீர் பயன்படுத்தாதபோது அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தால் எங்கோ கசிகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்து இலக்கம் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

மாறியிருந்தால், அடுத்ததாக வீட்டுக்குள் நுழையும் முதன்மை வால்வை மூடிவிட்டு மானியைப் பாருங்கள். இப்போதும் ஓடினால் கசிவு மானிக்கும் வால்வுக்கும் இடையே மண்ணுக்குள் இருக்கிறது. நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள் இருக்கிறது. இந்த ஒரே சோதனையால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் வீட்டில், இரவில் வரத்து வால்வை மூடி, தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்தைக் குறித்து, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் பாருங்கள். அடிப்பரப்பு 1 சதுர மீட்டர் உள்ள தொட்டியில் நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 10 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு.

வீட்டுக்குள் கசிவு என்று தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டியைத்தான், ஏனெனில் அங்கே கசியும் தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் இறங்கிப் போய்விடும். ஃபிளஷ் தொட்டியில் சில துளி உணவு வண்ணத்தை விட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறது அல்லது அது அமரும் வளையத்தில் உப்பு படிந்திருக்கிறது. வளையத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். தொட்டியில் தண்ணீர் ஏறும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்து, நீர்மட்டமும் உபரிநீர்க் குழாயின் வாயை எட்டியிருந்தால், மிதவை வால்வு மூடாமல் அந்தக் குழாய் வழியே தண்ணீர் வெளியேறுகிறது. மிதவையின் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

சொட்டும் குழாய்களைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடுவது பலருக்கும் வழக்கம். ஒரு துளி ஏறத்தாழ கால் மில்லிலிட்டர். விநாடிக்கு ஒரு துளி வீதம் சொட்டினால், ஒரு நாளின் 86,400 விநாடிகளில் 20 லிட்டருக்கு மேல் வீணாகிறது. பழைய திருகு வகைக் குழாயில் இதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த வாஷர்தான். வால்வை மூடி, குழாயைத் திறந்து உள்ளிருக்கும் தண்ணீரை வடியவிட்டு, சிறு திருகாணி உருண்டு போய்விடாதபடி கைகழுவும் தொட்டியின் துளையைத் துணியால் அடைத்துக்கொண்டு, கைப்பிடியையும் அதன் கீழுள்ள திருகு தண்டான ஸ்பிண்டிலையும் கழற்றுங்கள். ஸ்பிண்டிலின் நுனியில் கறுப்பு வாஷர் இருக்கும். அதன் முகத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருப்பதைக் காணலாம். அதே அளவுள்ள புதியதைப் பொருத்துமுன், குழாய்க்குள் வாஷர் அமரும் உலோக விளிம்பைச் சுண்டுவிரல் நுனியால் தடவிப் பாருங்கள். விளிம்பில் கீறலோ வெட்டோ தட்டுப்பட்டால், எத்தனை வாஷர் மாற்றினாலும் சில வாரங்களில் மீண்டும் சொட்டும். அந்த விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், இல்லையேல் குழாயையே மாற்ற வேண்டும். பலர் இந்த விளிம்பைப் பார்க்காமலேயே வாஷரை மாற்றிவிட்டு, வாஷரின் தரத்தைக் குறை சொல்கிறார்கள். கால் சுற்றில் திறக்கும் புதிய வகைக் குழாய்களில் வாஷர் இராது. உள்ளே பீங்கான் தகடுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதில் மணல் துகள் சிக்கியிருந்தால் கழுவினாலே சரியாகும். தகட்டில் கீறல் விழுந்திருந்தால் கார்ட்ரிட்ஜை முழுவதுமாக மாற்ற வேண்டும்.

திருகு இணைப்புகளில் டெஃப்ளான் டேப் சுற்றும்போது, குழாயின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் செல்லும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் திருகுகளைக் கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் ஒன்று அல்லது இரண்டு சுற்றுக்கு மேல் முடுக்கக் கூடாது. உள்ளே மயிரிழை விரிசல் விட்டு, பல மாதங்கள் கழித்து அது பிளக்கும்.

கோடையின் உச்சம்

வெயில் நேரே படும் இடங்களில் உள்ள பி.வி.சி. குழாய்களை ஒருமுறை நடந்து பார்த்து வாருங்கள். புற ஊதாக் கதிர்கள் அதன் மேற்பரப்பை நிறம் மங்கச் செய்து நொறுங்கும் தன்மையுடையதாக ஆக்குகின்றன. தண்ணீரில் கரையும் வகை வெளிர்நிறப் பெயின்டை அடித்தால் போதும். கரைப்பான் கலந்த பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தாக்கக்கூடும். இதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது குழாய் நீள்வது. 10 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாய், வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளும், இரவில் அதே அளவு சுருங்கும். குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்புகள் இறுக்கமாக இருந்தால் அந்த அசைவு முழுவதும் எல்போ எனப்படும் வளைவு இணைப்புகளிலும் ஒட்டு இணைப்புகளிலும் போய் விழும். கிளாம்புகள் குழாயைத் தாங்க வேண்டும், நெரிக்கக் கூடாது.

நிலத்தடி நீர்மட்டம் இறங்கும் காலமும் இதுவே. தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் நீர் கசியாமல் தடுக்கும் சீல், உள்ளே ஓடும் தண்ணீரால்தான் குளிர்விக்கப்படுகிறது. நீர்மூழ்கி மோட்டார் முழுவதுமே தன்னைச் சூழ்ந்த தண்ணீரால் குளிர்கிறது. தண்ணீர் இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே சீல் கருகும். மோட்டாரைப் போட்டவுடன் தண்ணீர் ஏற வழக்கத்தைவிட நேரமானால், அல்லது ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தால், உறிஞ்சு குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் வற்றினால் தானே நிற்கும் அமைப்பு இல்லாத மோட்டாருக்கு அதைப் பொருத்துவது, இந்தப் பருவத்தில் செய்யத்தக்க மிகப் பயனுள்ள செலவு என்பது என் கருத்து.

விருந்தினர் அறையின் குளியலறை போன்ற, அதிகம் பயன்படாத இடங்களில் கழிவுநீர்த் துளைகளின் டிராப்புகள் கோடையில் வற்றிவிடும். வளைந்த அந்தப் பகுதியில் தேங்கி நிற்கும் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவும் கரப்பான்பூச்சிகளும் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. வாரத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். நெடுநாள் வெளியூர் செல்வதானால் தண்ணீர் ஊற்றியபின் அதன்மேல் சில தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டால், மேலே படலமாகப் படர்ந்து ஆவியாவதைக் குறைக்கும். வெளியூர் புறப்படும்போது முதன்மை வால்வை மூடிவிடுவதும் அவசியம். துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் குழல் எப்போதும் அழுத்தத்திலேயே இருப்பது. அது வெடிப்பதற்கு ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. குழலில் புடைப்போ வெடிப்போ தெரிந்தால் உடனே மாற்றுங்கள். தெரியாவிட்டாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

தொட்டிகளைச் சுத்தம் செய்தல்

கோடை முடிந்து மழை தொடங்குமுன் தொட்டியின் நீர்மட்டம் எப்படியும் குறைந்திருக்கும். அதுவே சுத்தம் செய்ய ஏற்ற நேரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்ல வழக்கம். வரத்து வால்வை மூடி, இருக்கும் தண்ணீரைப் பயன்படுத்தித் தீர்த்து, அடியில் ஒரு சாண் அளவு மிஞ்சும்போது தேய்க்கத் தொடங்கலாம். அடியில் படிந்த சேற்றைக் கீழே இறங்கும் குழாய் வழியே விடக் கூடாது, ஏனெனில் அந்தச் சேறு ஷவர்களிலும், குழாய் வாயிலுள்ள சல்லடைகளான ஏரேட்டர்களிலும், வால்வுகளிலும் போய் அடையும். வடிகால் துளை வழியாகவோ, வாளியால் மொண்டோ வெளியேற்றுங்கள்.

தேய்த்துக் கழுவியபின் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற அளவில், 1,000 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் திரவம் 1 லிட்டர் தேவைப்படும். தொட்டியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டே அதைக் கலந்து, வீட்டின் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடி, 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். அந்த நேரத்தில் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ குளிக்கவோ கூடாது என்று வீட்டாருக்குச் சொல்லிவைத்து, பிறகு முழுவதும் வெளியேற்றிவிட்டு, வாசனை நீங்கும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். இந்த வேலையில் ஹைபோகுளோரைட் திரவத்தோடு அமிலத்தையோ கழிப்பறை சுத்தம் செய்யும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. உடனே குளோரின் வாயு வெளிவரும், மூடிய தொட்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து.

தரைக்கு அடியிலுள்ள தொட்டியைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெடுநாள் மூடிக்கிடந்த தொட்டிக்குள் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்திருக்கலாம். அது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. உள்ளே இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து இறக்கும் துயரங்கள் இப்படித்தான் நிகழ்கின்றன. முடிந்தவரை வெளியில் நின்றே நீண்ட கைப்பிடித் தூரிகையாலும் அழுத்த நீராலும் சுத்தம் செய்யும் வழியைத் தேடுங்கள். ஆள் இறங்கியே ஆக வேண்டுமானால், காற்றைச் சோதிக்கும் கருவியும் மீட்பு ஏற்பாடும் உள்ளவர்களிடம் வேலையை ஒப்படையுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறங்கவிடாதீர்கள்.

கொசுவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டின் நல்ல தண்ணீரிலேயே முட்டையிடும். முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டவைக்கும். தொட்டியை வெறுமனே காலி செய்தால் அந்த முட்டைகள் போவதில்லை, ஈரமின்றிப் பல மாதங்கள்கூடப் பிழைத்திருந்து தண்ணீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகவே உட்சுவரை, குறிப்பாக நீர்மட்டக் கோட்டை, தேய்த்தே ஆக வேண்டும். மூடி சரியாகப் பொருந்துகிறதா, உபரிநீர்க் குழாயின் வாயில் நெருக்கமான வலை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மழைக்கு முன்

கூரையின் நீர்வடி பள்ளங்களிலும் இறங்கு குழாய்களின் வாயிலும் சேர்ந்த சருகுகளை அகற்றிவிட்டு, ஒவ்வொரு இறங்கு குழாயிலும் இரண்டு மூன்று வாளித் தண்ணீரை விரைவாக ஊற்றிப் பாருங்கள். மேலே தேங்கினாலோ, கீழே வருவதற்குத் தாமதமானாலோ உள்ளே அடைப்பு உண்டு. கீழே வெளியேறும் தண்ணீர் அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டாமல், குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போய் விழும்படி நீட்டிவிட வேண்டும். மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்திருந்தால் அதை இப்போதே பிரித்துவிடுங்கள். கழிவுநீர்க் குழாயின் அகலம் வீட்டின் அன்றாடப் புழக்கத்துக்காகக் கணக்கிடப்பட்டது. கூரை முழுவதும் விழும் மழையை அது ஏற்க முடியாமல், கீழ்த்தளத்துக் கழிப்பறை வழியே பின்னோக்கித் தள்ளும்.

வெளியிலுள்ள சேம்பர்களின் (கழிவுநீர்க் குழாய்கள் கூடும் குழிகளின்) மூடிகளைத் திறந்து, வீட்டுக்குள் ஒருவரை ஃபிளஷ் செய்யச் சொல்லி, தண்ணீர் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு சேம்பர் நிறைந்தும் அடுத்தது காலியாகவும் இருந்தால், அடைப்பு இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. பக்கத்தில் மரம் இருந்தால், வறண்ட மாதங்களில் ஈரத்தைத் தேடி வந்த வேர்கள் குழாய் இணைப்புகளின் இடுக்கில் நுழைந்திருக்கலாம். காகிதமும் கொழுப்பும் அந்த வேர்ப் பின்னலில் சிக்கி, முதல் கனமழையில் வழி முழுவதும் அடைபடும். கழிவுநீர் பின்வாங்காமல் தடுக்கும் வால்வு பொருத்தியிருந்தால் அதன் மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள தட்டு தடையின்றி ஆடுகிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். தரைக்குக் கீழே அறை உள்ள வீடுகளில், நீர் வெளியேற்றும் பம்பின் குழியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, மிதவை உயர்ந்து பம்பு தானே ஓடுகிறதா என்பதை இப்போதே சோதித்துவிட வேண்டும்.

சமையலறை, குளியலறை அடைப்புகளுக்கு முதலில் ரப்பர் உறிஞ்சியையும், பிறகு டிராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்வதையும், அதன்பின் கம்பிச் சுருளையும் பயன்படுத்துங்கள். காஸ்டிக் சோடா, அமிலம் ஆகியவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. அடைப்பைத் தாண்டிப் போக முடியாமல் அவை குழாய்க்குள் சூடாகத் தேங்கி நிற்கும். பிறகு அந்தக் குழாயைக் கழற்ற வருபவரின் கையும் கண்ணும் வெந்துபோகும்.

செப்டிக் டேங்க் உள்ள வீட்டில், அடியில் படிந்த கசடும் மேலே மிதக்கும் கழிவுப் படலமும் சேர்ந்து தொட்டியின் மூன்றில் ஒரு பங்கை எட்டுமுன் கசடை அகற்ற வேண்டும். இதை மழைக்கு முன்பே செய்துவிடுங்கள். மண் முழுவதும் நீரால் நிறைந்திருக்கும் காலத்தில் தொட்டியைக் காலி செய்தால், குறிப்பாக எடை குறைந்த பிளாஸ்டிக் தொட்டி, நிலத்தடி நீரின் உந்துவிசையால் மேலே எழும்பிக் குழாய் இணைப்புகளை முறித்துவிடும். வெள்ளம் சூழ்ந்து வடிந்தபின், கிணற்றுத் தண்ணீரைக் கிருமிநீக்கம் செய்து பரிசோதிக்கும்வரை குடிக்கக் கூடாது.

மழை பெய்துகொண்டிருக்கும் நாட்களிலும் ஒரு வேலை உண்டு. வறண்ட காலத்தில் உலர்ந்திருந்த இடத்தில் இப்போது கறை தோன்றினால் அது பெரும்பாலும் கூரையின் அல்லது வெளிச்சுவரின் குறை. பென்சிலால் கறையின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதியையும் எழுதிவையுங்கள். மழை விட்டபின்னும் கோட்டைத் தாண்டிப் பரவினால் குழாயையும் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்துக்கு முன்: வெந்நீர்க் கலன்

கடினநீரில் கரைந்துள்ள கால்சியம், தண்ணீர் சூடாகும்போது கார்பனேட்டாகப் பிரிந்து படிகிறது. கலனின் அடியிலும் சூடாக்கும் கம்பியின் மேலும் அது வெள்ளைப் பொருக்காக ஏறுவதால், வெப்பம் தண்ணீருக்குச் செல்லத் தாமதமாகிறது, கம்பி அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் எரிந்துபோகிறது. கலனுக்குள்ளிருந்து கடகடவென்று ஓசை வருவது இந்தப் படிவின் முதல் அறிகுறி.

ஆண்டுக்கு ஒருமுறை கலனை வடிக்க வேண்டும். மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சிலேயே நிறுத்தி, தண்ணீர் ஆற நேரம் கொடுத்து, குளிர்நீர் வரத்தை மூடி, வீட்டில் ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, கலனின் வடிகால் வால்வில் குழலைப் பொருத்தித் திறங்கள். வெந்நீர்க் குழாய் திறந்திருந்தால்தான் உள்ளே காற்று நுழைந்து தண்ணீர் சீராக வடியும். முதலில் தெளிவாகவும், போகப்போகக் கலங்கலாகவும், இறுதியில் சுண்ணாம்புத் துகள்களோடும் வரும். அந்த நிலையில் குளிர்நீரைச் சில விநாடிகள் திறந்து மூடினால் அடியில் ஒட்டியிருப்பது கலைந்து வெளியேறும். தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு வடிகாலை மூடி, தண்ணீரை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் காற்று துப்புவது நின்று சீராக ஓடத் தொடங்கியபின்தான் மின்சாரத்தைப் போட வேண்டும். காலியான கலனில் மின்சாரம் பாய்ந்தால் கம்பி உடனே கருகிவிடும்.

கலனுக்குள் ஆனோடு தண்டு என்று ஒன்று இருக்கும். மெக்னீசியத்தாலோ அலுமினியத்தாலோ ஆன அது, எஃகுக் கலனுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டுக் கலனைக் காக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் கழற்றிப் பாருங்கள். தண்டு மெலிந்து நடுவிலுள்ள கம்பி வெளியே தெரிந்தால் மாற்ற வேண்டும், இல்லையேல் அடுத்து அரிக்கப்படப்போவது கலன்தான். பாதுகாப்பு வால்வின் நெம்பையும் ஒருமுறை தூக்கிவிடுங்கள். தண்ணீர் பீறிட்டு வந்து, விட்டவுடன் நிற்க வேண்டும். கொதிநீர் தெறிக்கலாம் என்பதால் முகத்தையும் கையையும் விலக்கிக்கொள்ளுங்கள். அந்த வால்வு சொட்டுகிறது என்பதற்காக அதன் வாயை அடைப்பவர்கள் உண்டு. அதைவிட ஆபத்தான காரியம் வீட்டில் வேறில்லை: அழுத்தம் வெளியேற வழியில்லாத வெந்நீர்க் கலன் வெடிக்கும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, கலனில் தண்ணீர் 60 டிகிரி செல்சியஸில் இருப்பது நுரையீரல் நோயை உண்டாக்கும் லெஜியோனெல்லா நுண்ணுயிர் பெருகாமல் தடுக்கும். ஆனால் அதே சூடு சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில், குழாயில் வரும்போது குளிர்நீர் கலந்து சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வைப் பொருத்துவது இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

தண்ணீர் உறையும் இடங்களில்

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்திலேயே உடைவதில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் இடையே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, அங்கே எது வலுவற்றதோ அது பிளக்கிறது. கடுங்குளிர் இரவில் குழாயை மெல்லிய தாரையாகத் திறந்துவைக்கச் சொல்வது இதனால்தான்: அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது.

முதல் உறைபனிக்கு முன் தோட்டத்துக் குழல்களைக் கழற்றி, வெளிக்குழாய்களுக்குச் செல்லும் உள்வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். சூடேற்றப்படாத கூரையடி அறை, வண்டி நிறுத்துமிடம், வெளிச்சுவர் ஓரம் ஆகியவற்றில் செல்லும் குழாய்களுக்கு நுரை உறை போடுங்கள். எல்போக்களையும் வால்வுகளையும் விட்டுவிடாமல் மூட வேண்டும். வெளியே மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்று முன்னறிவிப்பு வந்தால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் கீழேயுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, அறையின் வெப்பம் குழாய்களை எட்டும்படி செய்யுங்கள்.

உறைந்துபோன குழாயை இளக்கும்போது முதலில் குழாயின் வாயைத் திறந்துவிட்டு, அந்த முனையிலிருந்து உறைந்த பகுதியை நோக்கி, தலைமுடி உலர்த்தியாலோ சூடான ஈரத்துணியாலோ மெல்லச் சூடேற்ற வேண்டும். நடுவில் தொடங்கினால் இளகிய தண்ணீரும் நீராவியும் வெளியேற வழியின்றிக் குழாயைப் பிளக்கும். தீச்சுடரைக் காட்டவே கூடாது. இளகும்போதுதான் பிளவு வெளிப்படும் என்பதால், முதன்மை வால்வின் அருகே ஒருவரை நிறுத்திவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பிளம்பரை எப்போது அழைப்பது

எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கலனின் எரிபகுதி, மண்ணுக்குள் அல்லது கான்கிரீட்டுக்குள் கசியும் குழாய், திரும்பத் திரும்ப அடைபடும் முதன்மைக் கழிவுக்குழாய், இறுகி முறியும் நிலையிலுள்ள முதன்மை வால்வு ஆகியவற்றைத் தாமே செய்து பார்க்காமல் தேர்ந்தவரிடம் விடுங்கள். வருபவரிடம் "எங்கோ கசிகிறது" என்று மட்டும் சொல்லாமல், நீர்மானி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஓடியது, முதன்மை வால்வை மூடியபோது நின்றதா, சுவர்க்கறை எந்தத் தேதியில் எந்தக் கோடுவரை இருந்தது, மழையில் பரவியதா வெயிலிலும் பரவியதா என்பவற்றைச் சொல்லுங்கள். சுவரில் எந்த இடத்தைக் கொத்துவது என்பதை அவர் அந்த விவரங்களைக் கொண்டே முடிவுசெய்வார்.